தகரக் கூரையும் திங்கட்கிழமை விமானமும்

1. டெலிபோனில் வந்த புகார்

“உங்க தர்மபுரி ஸ்டேஷன் சரியில்லை. ஊசி ஆடுதுன்னு பைலட் சொல்றார்.”

விமானங்களை நடத்தும் மெட்ராஸ் கண்ட்ரோலிலிருந்து வந்த புகார் இவ்வளவுதான். ரிசீவரை வைத்துவிட்டு ஓடிப்போய் மானிட்டரைப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மீட்டர்கள் எல்லாம் காலையில் நின்ற இடத்திலேயே நின்றன. தரையில் எல்லாம் சரி. ஆகாயத்தில் ஒருவர் மட்டும் தப்பு என்கிறார்.

பாலிடெக்னிக் முடித்து எங்கள் விமான இலாகாவுக்கு வரப்போகிற தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். எனக்கும் பெரிய சர்வீஸ் ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆனால் சேர்ந்த முதல் வருஷத்திலேயே நான் பார்த்த ஒரு விஷயம், ரிட்டயர் ஆகிற வரைக்கும் மறக்காது என்று தோன்றுகிறது. அதைச் சூடு ஆறுவதற்குள் எழுதிவைப்பது நல்லது.

எங்கள் ஸ்டேஷனை விஓஆர் என்போம். நல்லம்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு மேட்டில் இருக்கிறது. வட்டமான வெள்ளைக் கட்டடம், அதன் தலையில் ஒரு கூம்பு. உள்ளே இருக்கும் டிரான்ஸ்மிட்டர் எல்லாத் திசைக்கும் அலை அனுப்பும். திசைக்குத் திசை அந்த அலையில் ஒரு சின்ன வித்தியாசம் இருக்கும். விமானத்தில் உள்ள ரிசீவர் அந்த வித்தியாசத்தைப் படித்து, நீ ஸ்டேஷனுக்கு இன்ன பக்கம் இருக்கிறாய் என்று ஒரு ஊசியால் காட்டும். மேகத்துக்குள்ளும் மழையிலும் பைலட்டுக்கு வழி அந்த ஊசிதான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். வேலை கிடைத்ததும் அப்பாவிடம் போய், “ஏரோப்ளேனுக்கு வழி சொல்ற வேலைப்பா” என்றேன். அப்பா ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தார். “ரோடே இல்லாத எடத்துல என்னாத்தடா வழி சொல்லுவ?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு முழு பதில் தெரிந்துகொள்ளத்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

விமானம் தலைக்கு மேல் போகும்போதெல்லாம் கட்டடத்தை விட்டு வெளியே ஓடிவந்து பார்ப்பேன். எங்கள் ஆபீசர் வேணுகோபால் சார் பார்த்துப் பார்த்துச் சலித்தவர். “ஏம்ப்பா, தினமும் போறதுதானே?” என்பார்.

“தினமும் அதிசயமாத்தான் சார் இருக்குது.”

“கதவைச் சாத்திட்டுப் போய் அதிசயப்படு. தூசி வருது.”

இப்படி இருந்த என்னிடம்தான் அந்தப் புகார் வந்தது. அன்று திங்கட்கிழமை. பெங்களூரிலிருந்து தெற்கே தினமும் போகிற சாயங்கால விமானம். அடுத்த திங்கட்கிழமையும் அதே புகார். அதற்கு அடுத்த திங்கட்கிழமையும் வந்தது. மற்ற நாட்களில் ஒரு பேச்சும் இல்லை.

2. அருளப்பன் அண்ணனின் ஆலைக் கொட்டாய்

விஓஆர் அலைக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தில் பெரிய உலோகப் பரப்பு இருந்தால் அதில் பட்டுத் திரும்பும். நேராகப் போன அலையும் பட்டுத் திரும்பிய அலையும் கலந்து விமானத்துக்குப் போனால் ஊசி குழம்பும். அதனால்தான் எங்கள் ஸ்டேஷனுக்குக் கம்பி வேலி கிடையாது. மூங்கில் வேலிதான். ஆபீசர் சைக்கிளைக்கூடத் தள்ளித்தான் நிறுத்துவார்.

மூங்கில் வேலிக்கு மேற்கே, எங்கள் எல்லை முடிகிற இடத்தில், அருளப்பன் அண்ணனின் கரும்புத் தோட்டம். அதன் ஓரத்தில் அவருடைய வெல்ல ஆலை. அந்த வருஷம்தான் ஆலைக் கொட்டாய்க்குப் புதுசாகத் தகரம் போட்டிருந்தார். வெயிலில் அது எங்கள் ஜன்னல் வழியாகக் கண்ணைக் கூசும்.

வேணுகோபால் சார் ஜன்னலில் நின்று அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “வேற என்ன புதுசா வந்திருக்கு இங்க? அதுதான். பிரிக்கச் சொல்லிட வேண்டியதுதான்.”

“சார், தகரம் எல்லா நாளும் அங்கதானே இருக்குது. திங்கட்கிழமை மட்டும் எப்படி ஆடும்?”

“மத்த நாள் பைலட்டுங்க கவனிச்சிருக்க மாட்டாங்க. இவர் கவனிக்கிறவர்.”

தாலுகா ஆபீஸ் மூலமாக நோட்டீஸ் போயிற்று. தகரத்தை எடுத்துவிட்டு ஓலை போட்டுக்கொள்ள வேண்டும்.

அன்று மத்தியானமே அருளப்பன் அண்ணன் வேலிக்கு வெளியே வந்து நின்றார். மாதா கோவில் திருவிழாவுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். சர்க்கார் ஆபீஸ் என்பதால் போட்டுக்கொண்டு வந்திருக்க வேண்டும். பின்னால் அவர் சம்சாரம் மரியம்மாள் அக்கா.

“சார், போன வருஷம் ஓலைதாங்க போட்டிருந்தேன். பாகு காயறப்ப அடுப்புலேர்ந்து பொறி ஏறிப் பிடிச்சுக்கிச்சு. கொட்டாய் மொத்தமும் போச்சு. கன்னுக்குட்டியை அவுக்கப் போயி இவ கையெல்லாம் வெந்து போச்சுங்க.” அக்காவின் வலது கையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கிக் கிடந்தது. “அடுப்புக்கு மேல மறுபடியும் ஓலை போடுன்னா எப்பிடிங்க?”

வேணுகோபால் சார் கெட்டவர் இல்லை. அந்தக் கையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. ஆனாலும் சொன்னார்: “ஐயா, நான் சொல்றதையும் கேளுங்க. அந்த விமானத்துல நாப்பது பேர் போறாங்க. மழைக்காலத்துல ஊசி தப்பாக் காட்டினா மலையில போய் மோதிடும். அப்ப யார் பதில் சொல்றது?”

மரியம்மாள் அக்கா நிமிர்ந்து மேலே பார்த்தார். “அவ்ளோ பெரிய ஏரோப்ளேனு, எங்கூட்டுத் தகரத்தைப் பாத்தா வழி தப்பிப்புடுது?”

யாரும் சிரிக்கவில்லை. எங்களுக்கும் அதே சந்தேகம்தான்.

கரும்பு வெட்டும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வெட்டின கரும்பு காத்திருக்காது, காய்ந்துவிடும். அதற்குள் கூரை முடிவாக வேண்டும். அவர்கள் போன பிறகு நான் சாரிடம் கேட்டேன். “சார், செக் பண்றதுக்குன்னு இருக்கிற விமானத்தைக் கூப்பிட முடியாதா?”

“அது வடக்க சுத்திட்டு இருக்கு. இங்க வர மாசக்கணக்கு ஆகும்.” கொஞ்சம் யோசித்தார். “ஒண்ணு பண்ணலாம். வர்ற திங்கட்கிழமை அந்த விமானத்துலேயே ஒருத்தர் போய் ஊசியைப் பார்த்துட்டு வரலாம். பர்மிஷன் நான் வாங்கறேன். தகரம்தான் காரணம்னா ஊசி எப்படி ஆடும்னு உனக்குத் தெரியுமில்லே?”

“டிரெயினிங்ல காட்டினாங்க சார். ஒரே சீரா இப்படியும் அப்படியுமா ஆடும்.”

“அப்ப நீயே போயிட்டு வா.”

நான் அதுவரை ரயிலிலேயே இரண்டு தடவைதான் போயிருந்தேன்.

அருளப்பன் அண்ணனிடம் போய், “திங்கட்கிழமை வரைக்கும் தகரத்தைத் தொடாதீங்கண்ணே. நான் மேல போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மேலன்னா, மேலயா?” என்று விரலை உயர்த்திக் கேட்டார்.

3. பைலட் அறையில்

பெங்களூரில் விமானத்தின் வாலைத் தொட்டுப் பார்த்தேன். அலுமினியம் குளிர்ச்சியாக இருந்தது. தினமும் தலைக்கு மேல் ஒரு சத்தமாகப் போகிற பொருளுக்குத் தொடக்கூடிய ஓர் உடம்பு இருக்கிறது என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

கேப்டன் மெட்ராஸ்காரர். தலை நரைத்தவர். தனக்குப் பின்னால் மடக்கு நாற்காலியைக் காட்டினார். “நீங்கதான் தர்மபுரி ஸ்டேஷனா? வாங்க. உங்க மேல எனக்குக் கோபம் இல்லை. ஆனா உங்க ஊசி மேல இருக்கு.”

விமானம் ஓடியது, தரை விட்டது. அப்புறம் ஏரிகள் வந்தன. ஓசூர்ப் பக்கத்து ஏரிகள், சாய்ந்த வெயிலில் ஒன்றுவிட்டு ஒன்றாக மின்னின. நாங்கள் பஸ்ஸில் முட்டிமோதிக் கடக்கிற ஊர்களெல்லாம் சத்தமில்லாமல் பின்னால் நழுவின. மாட்டு வண்டித் தடங்கள் தோட்டத்துக்கும் கிணற்றுக்கும் இடையில் வெள்ளை நூல் மாதிரி ஓடின. கீழே ஒரு ஆள்கூடக் கண்ணில் படவில்லை. ஆனால் உழுத நிலமெல்லாம் ஆள் இருப்பதைச் சொல்லிக்கொண்டே இருந்தது.

கேப்டன் ஒரு குமிழைத் திருப்பினார். “உங்க ஸ்டேஷனை வெக்கிறேன். அடையாளத்தைக் கேளுங்க.” ஒரு ஹெட்போனை என்னிடம் கொடுத்தார்.

அதில் மோர்ஸ் சத்தம் வந்தது. குட்டையும் நெட்டையுமாக மூன்று எழுத்து. தினமும் காலையில் ஸ்டேஷனில் நான் சரிபார்க்கிற அதே மூன்று எழுத்து. கூம்புக்குப் பக்கத்தில் நின்று கேட்கும்போது அது வெறும் ஓர் இயந்திரச் சத்தம். இங்கே, இத்தனை உயரத்தில், மலைகளைத் தாண்டி வந்து அதுவே என்னைக் கூப்பிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கேப்டன் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஊசி அசையாமல் நின்றது. அப்பாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ரோடு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

தரையோடு பேசும் ரேடியோவைக் கேப்டன் பெங்களூர் அலையிலிருந்து மெட்ராஸ் கண்ட்ரோல் அலைக்கு மாற்றினார். இரண்டு வார்த்தை பேசினார். கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். ஊசி நகர்ந்தது.

“பாத்தீங்களா?” என்றார் கேப்டன்.

பார்த்தேன். மெதுவாக இடது பக்கம் சாய்ந்தது. அங்கேயே நின்றது. ஊசியை நம்பாதே என்று எச்சரிக்கிற சின்னச் சிவப்புக் கொடி டயலில் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. மறுபடியும் எட்டிப் பார்த்தது. நாங்கள் அப்போது ராயக்கோட்டைப் பக்கம்தான் இருந்தோம். ஸ்டேஷனே இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை.

“சார், இது தகரத்துல பட்டு வர்ற ஆட்டம் இல்லை. அதுன்னா சீரா ஆடணும். இது யாரோ கையப் பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்குது.”

கேப்டன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த கோ-பைலட்டைப் பார்த்தார். “கேபின்ல யாராவது ரேடியோ போட்டிருக்காங்களா?”

ஏர்ஹோஸ்டஸ் பெண் கூப்பிட்டதும் வந்தாள். “இல்லை கேப்டன். அனௌன்ஸ் பண்ணினேனே, ரேடியோ உபயோகிக்கக் கூடாதுன்னு. ஒரு சத்தமும் இல்லை.”

“நீங்க ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாங்க” என்றார் கேப்டன் என்னிடம்.

4. காது கேட்காதவர்

பயணிகள் பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பேப்பர் படித்தார். ரேடியோ எங்கும் இல்லை. வால் பக்கம் ஜன்னலோரமாக, நாற்பது வயதுக்காரர் ஒருவர் நெற்றியை ஜன்னல் கண்ணாடியில் வைத்துக்கொண்டு கீழே பார்த்தபடி இருந்தார். அவர் காதிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் இறங்கிச் சட்டைக்குள் போயிற்று.

“அவரா?” என்றாள் பின்னாலேயே வந்த ஏர்ஹோஸ்டஸ் பெண் என் காதருகே. “அது காது மெஷின். பாவம், வாரா வாரம் திங்கட்கிழமை வருவார். காது கேக்காது. நான் காபி வேணுமான்னு கத்தித்தான் கேப்பேன்.”

வாரா வாரம் திங்கட்கிழமை என்றதும் நான் அவர் பக்கத்தில் காலியாக இருந்த சீட்டில் உட்கார்ந்தேன். அவர் சட்டைக்குள் தெரிந்த பெட்டி காது மெஷினுக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. ஜன்னல் விளிம்பில் ஒரு வெள்ளிக் குச்சி நீட்டிக்கொண்டிருந்தது. ஏரியல்.

“ஏங்க” என்று மெதுவாகத்தான் கூப்பிட்டேன். உடனே திரும்பினார். காது நன்றாகவே கேட்டது.

“கொஞ்சம் இருங்க தம்பி, கொஞ்சம் இருங்க. இப்ப சொல்லப்போறான்.” அவர் கண் இரண்டும் விரிந்திருந்தது. அந்தப் பேச்சைக் கேட்டதுமே எங்கள் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிட்டது.

“என்னங்க சொல்லப்போறாங்க?”

“நம்மூரு பேரு தம்பி! நீங்க எந்தூரு?”

“நல்லம்பள்ளிப் பக்கம்.”

“அட இவுனே! அப்ப நீங்கதான் மொதல்ல கேக்கணும்.” நான் ஏதும் சொல்வதற்குள் ஒயரைத் தன் காதிலிருந்து எடுத்து என் காதில் வைத்துவிட்டார்.

கரகரவென்ற இரைச்சல். அதற்குள்ளிருந்து கேப்டனின் குரல். நான் சற்று முன் விட்டுவிட்டு வந்த அதே கேப்டன். இங்கிலீஷில் என்னவோ எண்களைச் சொன்னார். பிறகு தெளிவாக, “எஸ்டிமேட்டிங் தர்மபுரி” என்றார். இன்ன நேரத்துக்குத் தர்மபுரி மேலே வருவோம் என்று அர்த்தம்.

உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இலாகாவும் ஊசியும் தகரமும் எனக்கு மறந்துபோயின. எங்கள் ஊர்ப் பெயரை ஒருவர் ஆகாயத்திலிருந்து சொல்ல, எங்கோ மெட்ராஸில் ஒருவர் அதைத் திருப்பிச் சொல்கிறார். பஸ் கண்டக்டர் வாயில் மட்டுமே நான் கேட்டிருந்த பெயர் அது.

“கேட்டீங்களா?” என்றார் அவர். சிரிப்பு காது வரைக்கும் போயிற்று.

அவர் பெயர் கோவிந்தசாமி. சொந்த ஊர் மொரப்பூர் தாண்டி ஒரு கிராமம். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். பெங்களூரில் மில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிற கம்பெனியில் மெக்கானிக். வாராவாரம் தெற்கே ஒரு மில்லுக்கு அனுப்புகிறார்கள். செட் சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் கொடுத்தது. அதில் சாதாரண ரேடியோ அலைவரிசைகளோடு, விமானப் பேச்சைக் கேட்பதற்கென்றே ஒரு வரிசை இருந்தது.

“அண்ணே, விமானத்துல ரேடியோ போடக்கூடாதுன்னு சொன்னாங்களே?”

“தெரியுமே தம்பி! அதுக்காகத்தானே ஒயரு. ஒரு பயலுக்குச் சத்தம் போவாது. பஸ்ஸுல கூடப் பாருங்க, ரேடியோ போடாதீங்கன்னா பக்கத்துச் சீட்டுக்காரன் தூங்கட்டும்னுதான? அந்த மரியாதை எனக்குத் தெரியும்.” கொஞ்சம் தாழ்ந்த குரலில், “அந்தப் பொண்ணு எங்கிட்ட மட்டும் ஏனோ கத்திக் கத்திப் பேசுது. அவளுக்குத்தான் காது சரியில்லன்னு நெனைக்கிறேன்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மரியம்மாள் அக்காவின் கை ஞாபகம் வந்ததும் நின்றுவிட்டது.

“அண்ணே, சத்தத்துக்காக இல்லீங்க அந்த விதி. தயவுசெய்து அமத்துங்க. சொல்றேன்.”

அவர் உடனே அமர்த்தினார். ஏன் என்று பிறகுதான் கேட்டார்.

தம்பிகளே, இதைக் கவனமாகப் படியுங்கள். ரேடியோ செட் கேட்கத்தான் செய்கிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் கேட்பதற்காகவே ஒவ்வொரு செட்டும் தனக்குள் ஒரு சின்ன அலையை உண்டாக்கிக்கொள்கிறது. அதில் கொஞ்சம் வெளியே கசியும். கேட்கிற அலைக்கும் கசிகிற அலைக்கும் நடுவில் எப்போதும் ஒரே இடைவெளி. கோவிந்தசாமி அண்ணன் செட்டை மெட்ராஸ் கண்ட்ரோல் அலையில் வைத்தால், அதன் கசிவு சரியாக எங்கள் ஸ்டேஷன் அலைமேல் வந்து உட்காரும். எங்கள் டிரான்ஸ்மிட்டர் அத்தனை தூரத்திலிருந்து கத்துகிறது. இந்தப் பெட்டி விமானத்துக்குள்ளேயே இருந்து முணுமுணுக்கிறது. பக்கத்தில் இருப்பவன் முணுமுணுப்பு ஜெயித்துவிடுகிறது.

இதையும், இதனால் ஒருவர் தன் கொட்டாய்த் தகரத்தைப் பிரிக்க நோட்டீஸ் வாங்கியிருப்பதையும் என்னால் முடிந்த அளவு அவருக்குச் சொன்னேன். அவர் மெக்கானிக் என்பதால் பாதி சொல்லும்போதே புரிந்துகொண்டார். செட்டை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

“இத்தினியூண்டு பொட்டியா? இந்த ராட்சசனையா?”

“கேப்டன்கிட்ட காட்டிட்டு வர்றேன். குடுங்க.”

கொடுத்துவிட்டார். பெற்ற பிள்ளையை ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மாதிரி கொடுத்தார்.

பைலட் அறையில் ஊசி நேராக நின்றுகொண்டிருந்தது. கேப்டன் செட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். “வானம் தெளிவா இருக்கு, தரை தெரியுது. ஒரே ஒரு தடவை போட்டுப் பாருங்க.”

நான் வாசலில் நின்று சுவிட்சைப் போட்டு, முள்ளைக் கண்ட்ரோல் அலைக்கு நகர்த்தினேன். ஊசி சாய்ந்தது. சிவப்புக் கொடி வந்தது. அமர்த்தினேன். ஊசி திரும்பி வந்து தன் இடத்தில் நின்றது. என் உள்ளங்கையில் இருந்த பெட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்க மட்டும்தான் செய்தது. அது கேட்டதற்கே இவ்வளவு பெரிய இயந்திரம் தன் திசையை மறந்தது.

“மழை நாளா இருந்திருந்தா?” என்றார் கோ-பைலட்.

கேப்டன் கீழே கையைக் காட்டினார். “அதானே உங்க இடம்?”

எட்டிப் பார்த்தேன். இடது பக்கம் தூரத்தில் வத்தல்மலை, மடித்துப் போட்ட கம்பளி மாதிரி. நேர் கீழே எங்கள் வெள்ளைக் கூம்பு, சட்டைப் பொத்தான் அளவுக்கு. அதன் அருகில் ஒரு சின்ன வெளிச்சம் சட்டென்று மின்னி அணைந்தது. அருளப்பன் அண்ணனின் தகரம். ஊசி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஸ்டேஷனுக்கு நேர் மேலே வந்துவிட்டோம் என்று மட்டும் காட்டிவிட்டு அரை வட்டம் திரும்பியது.

“ஓவர்ஹெட் தர்மபுரி” என்றார் கேப்டன் மைக்கில்.

செட்டைத் திருப்பிக் கொடுத்தபோது கோவிந்தசாமி அண்ணன் கேட்ட முதல் கேள்வி, “சொல்லிட்டாங்களா?”

“சொல்லிட்டாங்க.”

“ம்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, “எம்மாலதான் அந்தக் கொட்டாய்க்காரர் கூரையைப் பிரிக்கச் சொன்னாங்களா? நம்மூரு ஆளா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் ஒயரைச் செட்டில் சுற்றிப் பைக்குள் போட்டு மூடினார்.

5. ஆணியும் சுத்தியலும்

நான் திரும்பி வந்தபோது அருளப்பன் அண்ணன் கொட்டாய் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். பாதித் தகரம் தரைக்கு வந்துவிட்டது.

“தொடாதீங்கன்னு சொன்னேனேண்ணே!”

“நீங்க சொன்னீங்க. நோட்டீசு வேற சொல்லுச்சு. எதைக் கேக்கறது?” என்றார் மேலிருந்தே. “மேல போனீங்களா?”

“போனேன். உங்க தகரத்தை அங்கேர்ந்து பாத்தேன். அது ஒரு தப்பும் பண்ணலீங்க.”

சுத்தியலைப் பிடித்த கை அப்படியே நின்றது. கீழே மரியம்மாள் அக்கா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு புருஷனைப் பார்த்து, “நான்தான் சொன்னனே, பொறுய்யா பொறுய்யான்னு. இப்ப ஏறினது ஏறின, மறுபடி அடிச்சிட்டே எறங்கு” என்றார்.

வேணுகோபால் சார் அதோடு விடவில்லை. கருவியை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு கூம்பைச் சுற்றி ஒவ்வொரு திசையிலும் அளந்து பார்த்தார். தகரம் இருக்கும் பக்கம் கொஞ்சம் அசைவு இருந்தது. அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தது. நோட்டீஸைத் திரும்பப் பெற எழுதிவிட்டு, நேராகக் கொட்டாய்க்குப் போனார். “ஐயா, நான் அவசரப்பட்டுட்டேன்” என்றார். அருளப்பன் அண்ணனுக்கு ஆபீசர் ஒருவர் அப்படிச் சொன்னால் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆணி டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தார். சாரும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாயங்காலம் வரை நான் தகரம் தூக்கிக் கொடுத்தேன்.

6. திறந்த ஜன்னல்

இந்த விஷயத்தில் நான் கற்றது ஒன்றுதான். விதியைச் சொல்கிறவர்கள் காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோவிந்தசாமி அண்ணன் விதியை மீறவில்லை. தனக்குத் தெரிந்த காரணத்தை வைத்து அதை மதித்தார். காரணம்தான் வேறாகப் போயிற்று. ‘ரேடியோ உபயோகிக்கக் கூடாது’ என்று இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் சொன்னார்கள். எதனால் என்று எந்த மொழியிலும் சொல்லவில்லை. இதை நான் என் ரிப்போர்ட்டில் எழுதினேன். கேப்டனும் எழுதினாராம். கொஞ்ச நாள் கழித்து அந்த விமானத்தில் தமிழிலும் சொல்ல ஆரம்பித்தார்கள்: காதில் மாட்டிக் கேட்டாலும் ரேடியோ வழிகாட்டும் கருவியைக் கெடுக்கும், தயவுசெய்து அணைத்துவையுங்கள் என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோவிந்தசாமி அண்ணன் ஸ்டேஷனைத் தேடிக்கொண்டு வந்தார். செட்டைக் கொண்டுவரவில்லை. வேலிக்கு வெளியிலேயே நின்றார். அருளப்பன் அண்ணன் தோட்டத்திலிருந்து யாரென்று பார்க்க வந்தார். நான் இருவரையும் ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைத்தேன்.

அருளப்பன் அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தார். “நீங்கதானா அது?”

“நாந்தாங்க.”

“நல்லாப் பண்ணீங்க போங்க. எங்கூட்டுக்காரி உங்களைப் பாக்கணும்னு ரொம்ப நாளாக் கேட்டுட்டிருக்கா. பாத்தா என்னா சொல்லுவான்னுதான் தெரியல.”

“எதுவா இருந்தாலும் கேட்டுக்கறேங்க. எனக்குத்தான் காது கேக்காதே” என்றார் கோவிந்தசாமி அண்ணன். ஏர்ஹோஸ்டஸ் அவரைக் காது கேட்காதவர் என்று நினைத்த கதையை நான் இருவருக்கும் சொல்லியிருந்ததால், அருளப்பன் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

விமானம் வருகிற நேரம். உள்ளே போய் வேணுகோபால் சாரிடம், “சார், அந்தப் பயணி வந்திருக்காருங்க. பைலட் பேச்சைக் கேக்க நமக்கு இப்ப புதுசா வந்த ரிசீவர்ல ஒரே ஒரு தடவை” என்று இழுத்தேன்.

“வெளி ஆளை உள்ள விடக்கூடாதுன்னு விதி இருக்கு. தெரியுமில்லே?”

“தெரியும் சார்.”

“ஏன்னு தெரியுமா?”

“கருவியைத் தொட்டுடுவாங்கன்னு சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப ஒண்ணு பண்ணு. உள்ள ஒரே புழுக்கமா இருக்கு. அந்த ஜன்னலை நல்லாத் திற. ஸ்பீக்கர் சத்தமும் சரியாக் கேக்க மாட்டேங்குது, கொஞ்சம் ஏத்தி வை.”

ஜன்னலைத் திறந்தேன். தூசி வந்தது. சார் ஒன்றும் சொல்லவில்லை.

மூங்கில் வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். வடக்கே முதலில் ஒரு புள்ளி, அப்புறம் சத்தம். விமானம் கூம்புக்கு மேலே வந்தபோது ஸ்பீக்கர் இருமியது. அன்றைக்கு வேறு பைலட், வேறு குரல். ஆனால் வார்த்தை அதே வார்த்தைதான்.

“ஓவர்ஹெட் தர்மபுரி.”

கோவிந்தசாமி அண்ணன் வாயைத் திறந்தபடி நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றார். சத்தம் தெற்கே தேய்ந்து மறைகிறவரைக்கும் பார்த்தார். அருளப்பன் அண்ணனும் அதே மாதிரி நின்றார்.

“அவ்ளோதானா?” என்றார் அருளப்பன் அண்ணன் கடைசியில்.

“அவ்ளோதான்.”

“மறுபடி எப்ப சொல்லுவாங்க?”

“நாளைக்குச் சாயங்காலம்.”

“நாளைக்கு நீங்க அதுக்குள்ள இருப்பீங்களே. திங்கக்கிழமையாச்சே.”

“ஆமாங்க. அங்க கேக்க முடியாது.”

அருளப்பன் அண்ணன் கொஞ்சம் யோசித்தார். “சரி, நீங்க போங்க. இங்க நின்னு நான் கேட்டுக்கறேன். சார் ஜன்னலைத் தொறந்து வெச்சா போதும்.”